தண்ணி தூக்கினவங்க கதை: டெத் வேலியின் இன்னொரு வரலாறு

போன எபிசோடுக்கு அப்புறம் ஒருத்தர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "டெத் வேலியில 217 கிலோமீட்டர் ஓடுறாங்க, சரி. ஆனா கூடவே ஒரு வேன் வருது, அதுல நாலு பேர் இருக்காங்க. ஐஸ், தண்ணி, சாப்பாடு, மாத்து ஷூ எல்லாம் இருக்கு. அப்புறம் அது எப்படிங்க ஓடினவரோட சாதனை?"

நியாயமான கேள்விதான். ரெண்டு வரியில பதில் எழுதி அனுப்பலாம்னு உட்கார்ந்தேன். எழுத எழுத கதை பின்னாடியே போய் 1849-ல நின்னுடுச்சு. அதனால இந்த வாரம் இதுதான் எபிசோட்.

முதல்ல அந்த ஓட்டம் என்னன்னு பார்த்துடலாம். பேட்வாட்டர் 135. கலிபோர்னியாவில் டெத் வேலி என்கிற பள்ளத்தாக்கு, அதன் அடியில் பேட்வாட்டர் என்கிற உப்புத் தரை. கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. வட அமெரிக்காவில் இதைவிடத் தாழ்வான நிலம் கிடையாது. அங்கே கிளம்பி, இரண்டு மலைத்தொடர்களைத் தாண்டி, விட்னி மலையில் ஏறும் சாலை முடிகிற இடம் வரை ஓட வேண்டும். அது சுமார் 2,500 மீட்டர் உயரம். நடத்துவது ஜூலை மாதம். இதே பள்ளத்தாக்கில் ஃபர்னஸ் க்ரீக் என்ற இடத்தில்தான் 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த ரெக்கார்ட் இன்னும் நிக்குது. நம்ம ஊர் கத்திரி வெயில்ல 42 வந்தாலே டிவியில பிரேக்கிங் நியூஸ் ஓடும், யோசிச்சுப் பாருங்க.

இந்த ஓட்டத்தில் வழியில் தண்ணீர்ப் பந்தல் எதுவும் கிடையாது. நம்ம ஊர் மாரத்தான்ல ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரு மேஜை போட்டு வாழைப்பழமும் எலக்ட்ராலும் வச்சிருப்பாங்களே, அது இங்கே இல்லை. அதுக்குப் பதிலா ஒவ்வொரு ஓட்டக்காரரும் சொந்தமா ஒரு குழுவைக் கூட்டிட்டு வரணும். அதை 'க்ரூ'ன்னு சொல்றாங்க. குறைஞ்சது ரெண்டு பேர், அதிகபட்சம் நாலு பேர், ஒரு வண்டி. பெரும்பாலும் கூலிக்கு வர்றவங்க இல்லை. ஃப்ரெண்டு, மனைவி, அண்ணன், ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரர், இப்படித்தான் இருக்கும். வண்டி ஒன்றிரண்டு கிலோமீட்டர் முன்னே போய் ஓரமாக நிற்கும். ஆள் வந்ததும் பாட்டிலை மாற்றுவார்கள், கழுத்துத் துணியில் ஐஸ் கட்டுவார்கள், செடிக்கு மருந்தடிக்கிற பம்பு மாதிரி ஒன்றை வைத்துத் தலை முதல் கால் வரை தண்ணீர் பீச்சுவார்கள். உப்பு மாத்திரை கொடுத்தாச்சா, எவ்வளவு குடிச்சார், கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனார், எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிட்டே வருவாங்க. அப்புறம் வண்டியை எடுத்துட்டு மறுபடி முன்னாடி போகணும். இப்படி ஒண்ணரை நாள், சிலருக்கு ரெண்டு நாள்.

க்ரூவுக்கும் ரூல் உண்டு. துணைக்கு ஓடி வருகிற ஆளை 'பேசர்' என்பார்கள். அவர் ஓட்டக்காரருக்குப் பின்னால்தான் வர வேண்டும். முன்னால் ஓடி வேகம் கொடுக்கவோ நிழல் தரவோ கூடாது. டிரிப்ஸ் ஏற்றினால் அந்த நிமிஷமே போட்டியிலிருந்து வெளியே. ஓட்டக்காரர் கொஞ்ச நேரம் பாதையை விட்டுப் போக வேண்டி வந்தால், நின்ற இடத்தில் நம்பர் போட்ட ஒரு முளையை அடித்துவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்து அதே முளையிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு அடி கூட ஓசி கிடையாது.

சரி, இவ்வளவு ஏற்பாடு எதுக்கு? வெளியே காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தைவிட அதிகமாகிவிட்டால், காற்று உடம்பைக் குளிர்விக்காது, சூடேற்றும். அப்போது உடம்புக்கு மிஞ்சியிருக்கிற ஒரே வழி வியர்வை ஆவியாவதுதான். மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் போகும். ரத்தம் தோலுக்கும் காலுக்கும் ஓடுவதால் வயிற்றுக்குப் போகிற ரத்தம் குறையும். சாப்பிட்டது செரிக்காது, குடிச்சது வாந்தியா வெளியே வந்துடும். சரின்னு வெறும் தண்ணியா குடிச்சா ரத்தத்துல சோடியம் இறங்கிடும், அதுவும் ஆளைக் கொல்லும். ரெண்டுக்குமே ஒரு பொது அறிகுறி இருக்கு. ஆளுக்குக் குழப்பம் வரும். "நான் நல்லாத்தான் இருக்கேன்"னு சொல்லுவார், ஆனா நல்லா இருக்க மாட்டார். தன் நிலைமையைத் தானே கணிக்கிற திறமைதான் முதலில் போகிறது. அதனால் அந்தக் கணிப்பை வேற யாராவது ஒருத்தர் தலையில வச்சுக்கணும். தண்ணி கொடுக்கிறது பாதி வேலைதான். மீதிப் பாதி, எப்போ 'போ'ன்னு சொல்றது, எப்போ 'போதும், வண்டியில ஏறு'ன்னு சொல்றது.

இப்ப 1849-க்குப் போவோம்.

கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்குதுன்னு கிழக்கேயிருந்து கூட்டம் கூட்டமாகக் கிளம்பிய காலம். சால்ட் லேக் சிட்டிப் பக்கமிருந்து தெற்கு வழியாகப் போன ஒரு பெரிய வண்டிக் கூட்டத்தில், குறுக்கு வழி இருக்கிறது என்று ஒரு வரைபடத்தை நம்பிச் சிலர் பிரிந்தார்கள். (வரைபடம் சொல்லுதேன்னு குறுக்கு வழியில போய் மாட்டிக்கிறது கூகுள் மேப்ஸோட ஆரம்பிச்சது இல்லைங்க.) டிசம்பர் கடைசியில் அவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். மேற்கே பானமின்ட் மலைத்தொடர் சுவர் மாதிரி நின்றது. மாட்டு வண்டி ஏற வழியில்லை. பென்னட், ஆர்கன் என்ற இரண்டு குடும்பங்கள், நான்கு சின்னக் குழந்தைகள், இன்னும் சில ஆண்கள், மேற்கு ஓரத்தில் ஒரு ஊற்றருகே தங்கிவிட்டார்கள்.

இந்த இடத்துல ஒண்ணு கவனிக்கணும். இது குளிர்காலம். 'டெத் வேலி'ன்னதும் நாம கொதிக்கிற வெயிலை நினைக்கிறோம். அந்தப் பெயருக்குக் காரணமான கூட்டம் வெயிலில் சாகக் கிடக்கவில்லை. சாப்பாடும் தண்ணீரும் வழியும் இல்லாமல்தான் மாட்டிக்கொண்டது. இன்னொன்று, அது வந்தவர்கள் வைத்த பெயர். டிம்பிஷா ஷோஷோனி மக்கள் அதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அங்கே வாழ்கிறார்கள். கோடை வந்தால் மலைமேல் போய்விடுவார்கள், குளிர்காலத்தில் கீழே இறங்குவார்கள். அவர்களுக்கு அது வீடு. தங்கள் வீட்டுக்கு 'மரணம்' என்று பெயர் வைத்ததை அவர்கள் இன்றும் ஏற்கவில்லை.

தங்கியவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். கூட்டத்தில் திடமான இரண்டு இளைஞர்கள் நடந்தே மலையைத் தாண்டிப் போய், ஊர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, சாப்பாட்டோடு திரும்பி வர வேண்டும். ஒருவர் வில்லியம் லூயிஸ் மேன்லி, வயது 29. இன்னொருவர் ஜான் ரோஜர்ஸ். ஒரு காளையை வெட்டி, அந்த இறைச்சியில் பெரும்பகுதியைக் காயவைத்து இந்த இரண்டு பேர் பையில் போட்டார்கள். முகாமில் குழந்தைகள் இருக்காங்க. அவங்களுக்கு மிஞ்சினது கொஞ்சம்தான். போகிறவர்கள் போய்ச் சேர்ந்தால்தான் இருக்கிறவர்கள் பிழைக்க முடியும் என்று கணக்குப் போட்டு அப்படிக் கொடுத்தார்கள்.

போன வழி சுமார் 400 கிலோமீட்டர். மோஹாவி பாலைவனத்தில் தண்ணீர் கிடைக்காமல் நாக்கு வறண்டு, கையில் இருந்த இறைச்சியை விழுங்கவே முடியாத நிலைமைக்கு வந்தார்கள். ஒரு நாள் தரையில் கண்ணாடி மாதிரி மெல்லிய ஐஸ் படிந்திருந்ததைக் கண்டு, அதை உருக்கிக் குடித்துத் தப்பினார்கள். ஒரு கட்டத்தில் மேன்லியின் முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் போனது. என்னை விட்டுவிட்டு நீ போ என்று ரோஜர்ஸிடம் சொன்னார். ரோஜர்ஸ் போகவில்லை. இன்றைய லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே ரான்சோ சான் பிரான்சிஸ்கோ என்ற பண்ணையை எட்டினார்கள். அந்தப் பண்ணைக்காரர்கள் பேசியது ஸ்பானிஷ். மொழி புரியாமலேயே மாவும் பயறும் இறைச்சியும் கிடைத்தன, மூன்று குதிரைகளும் ஒற்றைக்கண் கோவேறு கழுதை ஒன்றும் கிடைத்தன. கிளம்பும்போது ஒரு பெண் நான்கு ஆரஞ்சுப் பழங்களைக் கொடுத்து, குழந்தைகளுக்கு என்று சைகை காட்டினார்.

இப்ப ஒரு நிமிஷம் அவங்க இடத்துல உங்களை வச்சுப் பாருங்க. உங்களுக்கு 29 வயசு. தப்பிச்சாச்சு. சொந்தக்காரங்க யாரும் அங்கே மாட்டிட்டு இல்லை. தங்கம் கிடைக்கிற ஊர் பக்கத்துல இருக்கு. திரும்பிப் போகலைன்னா உங்களை யாரும் ஒரு கேள்வி கேட்கப்போறது இல்லை. முகாமில் இருந்த மற்ற ஆண்கள் இதைத்தான் சொன்னார்கள், அந்த இரண்டு பேரும் திரும்பி வர மாட்டார்கள் என்று. சொல்லிவிட்டு அவர்களும் தனித்தனியாகக் கிளம்பிப் போனார்கள்.

மேன்லியும் ரோஜர்ஸும் திரும்பினார்கள். ஒரு வறண்ட அருவிப் பாறையைக் குதிரைகளால் தாண்ட முடியவில்லை. மூன்றையும் அங்கேயே விட வேண்டியதாயிற்று. ஒற்றைக்கண் கோவேறு கழுதை மட்டும் பாறை விளிம்பில் கால் வைத்து ஊர்ந்து வந்து சேர்ந்தது. பள்ளத்தாக்கில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு பிணம். முகாமிலிருந்து கிளம்பிய கேப்டன் கல்வர்வெல், கைகளை விரித்தபடி கிடந்தார். முகாமை நெருங்கினால் எந்த அசைவும் இல்லை. மேன்லி துப்பாக்கியால் ஒரு வெடி வெடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, ஒரு வண்டிக்கு அடியிலிருந்து ஒரு ஆள் ஊர்ந்து வெளியே வந்தார். இரண்டு குடும்பங்களும் உயிரோடு இருந்தன. இவர்கள் போய் 26 நாள் ஆகியிருந்தது.

அதோட முடியலை. அந்தக் குடும்பங்களை வெளியே கூட்டிட்டுப் போகணுமே? சட்டைகளைத் தைத்துப் பை மாதிரி ஆக்கி, ஒரு சாதுவான காளையின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, அதில் குழந்தைகளை உட்கார வைத்து, அதே பாதையில் மூன்றாவது தடவையாக நடந்தார்கள். 1850 மார்ச்சில் பண்ணையை அடைந்தார்கள். மேன்லி பின்னாளில், 1894-ல், இதையெல்லாம் புத்தகமாக எழுதினார். அதனால்தான் ஆரஞ்சுப் பழம் வரைக்கும் நமக்குத் தெரியுது.

அடுத்த கதை சின்னது. 1883-லிருந்து சில வருஷங்கள் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து போராக்ஸ் என்கிற வெண்காரத்தை 265 கிலோமீட்டர் தள்ளி மோஹாவி ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். '20 மியூல் டீம்' என்று அந்த வண்டிகள் அமெரிக்காவில் புகழ்பெற்றவை. படத்தைப் பார்த்தால் இரண்டு பிரம்மாண்டமான சரக்கு வண்டிகள்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு தொட்டி வண்டி. அதில் தண்ணீர். அது இல்லாமல் அந்த இரண்டு வண்டியும் ஒரு நாள்கூட நகராது. அந்த மூன்றாவது வண்டியை வச்சு யாரும் விளம்பரம் பண்ணலை.

அல் ஆர்னால்டு கதைக்கு வருவோம். வேடிக்கைக்காக, சவாலுக்காக, பேட்வாட்டரிலிருந்து விட்னி சிகரம் வரை ஓடியே கடந்த முதல் ஆள். கலிபோர்னியாவில் ஒரு ஹெல்த் கிளப்பை நடத்தியவர், ஆறரை அடிக்குக் கொஞ்சம் குறைந்த உயரம். 1974-ல் டேவிட் கேபர் என்பவரோடு கிளம்பினார். 29 கிலோமீட்டரில் முடிந்தது. காரணம், உடம்பில் நீர் வற்றியது. 1975-ல் மறுபடி போனார். 80 கிலோமீட்டரில் முழங்கால் போயிற்று. 1976-ல் பயிற்சியிலேயே காலில் அடி. நடுவில் சும்மா இருக்கவில்லை. சானா அறைக்குள் சைக்கிளைப் போட்டு மிதித்து உடம்பை வெயிலுக்குப் பழக்கினார். 1977-ல், ஐம்பது வயதை நெருங்கும்போது, செய்து முடித்தார். மூன்று நாளுக்கும் மேல் ஆனது. சாலையில் அவரோடு இருந்தவர்களில் ஒருவர் போட்டோகிராபர் எரிக் ராக்கோனன். 

எல்லாரும் 1977-ஐத்தான் சொல்வாங்க. எனக்கு முக்கியமாகப் படுவது 1974-ம் 1975-ம். ரெண்டு தடவையும் நின்னாங்க. 29-ல நிறுத்தாம இன்னும் பத்து கிலோமீட்டர் பார்க்கலாம்னு போயிருந்தா, 1977-னு ஒண்ணு இருந்திருக்குமான்னு சந்தேகம்தான்.

ஆர்னால்டுக்கு அடுத்து நான்கு வருஷம் கழித்து, 1981-ல், ஜே பர்மிங்ஹாம் அதே பாதையை முடித்தார். 1987-ல் அது போட்டியானது. முதல் வருஷம் ஓடியது வெறும் ஐந்து பேர். அதில் பிரிட்டனின் எலினார் ஆடம்ஸும் ஒருவர். ஆக, இந்த ஓட்டத்தில் பெண்கள் முதல் நாளிலிருந்தே இருக்கிறார்கள். 2002-ல் பேம் ரீட் ஆண்களையும் சேர்த்து எல்லோரையும் பின்னுக்குத் தள்ளி ஜெயித்தார். அதிர்ஷ்டம்தான்னு சிலர் முணுமுணுத்திருப்பாங்க போல, அடுத்த வருஷமும் வந்து ஜெயிச்சுட்டுப் போனார்.

2005-ஐப் பத்திக் கொஞ்சம் விரிவா பேசணும். ஸ்காட் ஜூரெக் அப்போது மலைப்பாதை ஓட்டத்தில் பெரிய பெயர். பேட்வாட்டருக்கு இரண்டு வாரம் முன்னால்தான் 'வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ்' என்ற நூறு மைல் போட்டியை ஏழாவது முறையாக ஜெயித்திருந்தார். இங்கே பாதி தூரம் வருவதற்குள் வயிறு கலங்கி வாந்தி, உடம்பு நடுக்கம், கடைசியில் சாலையோரத்தில் விழுந்துவிட்டார். கூட இருந்தவர் டஸ்டி ஓல்சன். மினசோட்டாவில் பள்ளிக் காலத்திலிருந்து ஜூரெக்கின் நண்பர், சேர்ந்து பனிச்சறுக்கு விளையாடியவர்கள். டஸ்டி இதமாப் பேசுற ஆளே கிடையாது. கிண்டல், திட்டு, அதட்டல், எல்லாம் கலந்து கட்டி எழுப்புவார். ஜூரெக் எழுந்தார், நடந்தார், ஓடினார். 24 மணி 36 நிமிஷத்தில் முடித்தார். அந்தப் பாதையில் அதுவரை யாரும் அவ்வளவு சீக்கிரம் முடித்ததில்லை. (அது இப்போ ரெக்கார்ட் இல்லை. 2019-ல ஜப்பானின் யோஷிஹிகோ இஷிகாவா 21 மணி 33 நிமிஷத்துக்குக் கொண்டுவந்துட்டார்.)

இந்தக் கதையை மோட்டிவேஷன் வீடியோக்கள்ல நிறைய பார்த்திருப்பீங்க. "விழுந்தார், எழுந்தார்"னு பின்னாடி ஒரு மியூசிக் போட்டு. எனக்கு அது பிடிக்காது, ஏன்னா அதுல டஸ்டி இருக்க மாட்டார். வாந்தி எடுத்து விழுந்து கிடக்கிற ஆளை அதட்டி எழுப்புறது சாதாரண விஷயம் இல்லை. அதே அறிகுறி இன்னொரு உடம்புக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டிய அறிகுறி. ரெண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க அந்த ஆளோட பல வருஷம் ஓடியிருக்கணும். இவன் சோர்ந்துபோனா எப்படி முனகுவான், நிஜமாவே முடியலைன்னா எப்படி அமைதியாவான்னு தெரிஞ்சிருக்கணும். ஒரு டாக்டரால கூட இதை முழுசா செய்ய முடியாதுன்னு நினைக்கிறேன்.

இப்ப நம்ம கேள்வி. உதவியே இல்லாம பண்ணினா அதுதானே நிஜ சாதனை? இதே கேள்வி மார்ஷல் உல்ரிச்சுக்கும் வந்தது. இந்தப் போட்டியை நான்கு முறை ஜெயித்தவர், நகம் தொந்தரவு பண்ணுகிறது என்று கால் நகங்களையே ஆபரேஷன் செய்து எடுத்துக்கொண்டவர். 1999 ஜூலையில், போட்டிக்கு வெளியே, தன்னந்தனியாகக் கிளம்பினார். க்ரூ கிடையாது. வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாங்கக்கூடாது. தேவையான தண்ணீர், ஐஸ், சாப்பாடு எல்லாவற்றையும் ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி இடுப்பில் கட்டி இழுத்தார். எடை 90 கிலோவுக்கு மேல். 77 மணி நேரத்துக்கு மேல் ஆனது, விட்னி சிகரத்தில் கொண்டுபோய் முடித்தார்.

அபாரமான காரியம். ஆனா அந்த வண்டியைக் கவனிங்க. க்ரூ செய்யற வேலையோட எடை எவ்வளவுன்னு தராசுல போட்டுக் காட்டினது அதுதான். அதையும் இழுத்துட்டு, தன் புத்தி தெளிவா இருக்கான்னு தானே பார்த்துட்டுப் போகணும். உல்ரிச் மாதிரி அந்தப் பாதையைப் பத்து வருஷமா காலால் படிச்ச ஆளுக்கு அது முடியும்.

அதனால, கேள்வி அனுப்பினவருக்கு என் பதில்: ஆமா, அது ஓடினவரோட சாதனைதான். அந்த 217 கிலோமீட்டரை அவர் காலுக்குப் பதிலா வேற யார் காலும் தாண்டலை. ஆனா அவர் தனியா செஞ்சார்னு சொன்னா அது பொய். ரெண்டையும் சேர்த்துச் சொல்றதுல எனக்கு எந்த முரண்பாடும் தெரியலை. கொஞ்சம் நீளமான வாக்கியம், அவ்வளவுதான்.

பார்க்கணும்னு ஆசை இருந்தா 'ரன்னிங் ஆன் தி சன்'னு ஒரு டாக்குமென்டரி இருக்கு, 1999 போட்டியைப் பத்தினது. எடுத்தவர் மெல் ஸ்டுவர்ட், 'வில்லி வோங்கா' படத்தோட இயக்குநர். பார்க்கும்போது ஓடுறவங்களை விட்டுட்டு வேன் பக்கத்துல நிக்கிறவங்க முகத்தைப் பாருங்க.

கடைசியா ஒரு தகவல், முடிச்சுடறேன். பேட்வாட்டரில் ஓட்டம் தொடங்குகிற அந்த உப்புத் தரை, பனியுகக் காலத்தில் ஒரு பெரிய ஏரியின் அடித்தளம். நிலவியல் ஆட்கள் அந்த ஏரிக்கு வைத்த பெயர் 'லேக் மேன்லி'. 29 வயசுல அந்தப் பாதையை மூணு தடவை நடந்தாரே, அவரேதான். 2023 ஆகஸ்டில் ஹிலரி புயலின் மழை கொட்டியபோது அந்த ஏரி திடீரென்று திரும்பி வந்தது. 2024 தொடக்கத்தில் சில வாரங்கள் ஜனங்கள் அங்கே கயாக் படகு ஓட்டினார்கள். அப்புறம் பள்ளத்தாக்கு அந்தத் தண்ணியையும் குடிச்சுடுச்சு.